சா வா என்றால் சௌக்கியம்

வேலைக்குச் சேர்ந்த அன்று, அவள் சமாளித்துக்கொள்ள இரண்டே இரண்டு பிரெஞ்சுப் பதில்களைக் கணவன் சொல்லிக் கொடுத்தான்.

"'சலூ, சா வா?'ன்னு கேட்பாங்க. சௌக்கியமான்னு அர்த்தம். நீயும் 'சா வா'ன்னு சொல்லிடு, தீர்ந்தது. 'ஜ பூ தெதே?'ன்னா உதவி பண்ணட்டுமான்னு கேட்கறாங்க. உடனே 'நோ, மெர்சி'ன்னுடு. வேலை தெரியாதவன்னு நெனச்சிடப் போறாங்க."

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடம் அது. ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள். மறுமுனையை எதிரே நிற்கும் தோடுக்காரி பிடிப்பாள். இருவருமாக இழுத்து உதறி, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். கன்னத்தில் இடிக்கிற அளவுக்குப் பெரிய தோடு போட்ட அந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. அவள் கேட்பதற்கெல்லாம் இவள் அந்த இரண்டு பதில்களையே மாற்றி மாற்றிச் சொல்லி மாதக்கணக்கில் காலத்தை ஓட்டிவிட்டாள்.

அன்று காலை பஸ்ஸில் வரும்போது சித்தி போன் செய்தாள்.

"தம்பி போயிட்டான்டி. லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான்."

அவள் தன் இடுப்பில் சுமந்து சோறூட்டி வளர்த்த பிள்ளை. உடனே கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"புதுப்பிக்கக் குடுத்த விசா இன்னும் கைக்கு வரலையே. இப்ப போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க" என்றான். அவன் குரலும் உடைந்திருந்தது. "வேலைக்குப் போயிடு. வீட்டுல தனியா இருக்காத."

போனாள். வாசலில் மேற்பார்வையாளர், "சா வா?" என்றார். "சா வா" என்றாள். துணி வண்டி தள்ளுகிறவனிடமும் அதையே சொன்னாள். வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. யாராவது முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் மூக்கு வரைக்கும் முகமூடி, புருவம் வரைக்கும் தொப்பி.

விரிப்பு கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை நழுவியதும் தோடுக்காரி குனிந்து எடுத்துத் தந்தாள்.

"ஜ பூ தெதே?"

பழகிய பதில் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தமிழ் வந்தது.

"என் தம்பி செத்துட்டான்."

அழாமல், மெதுவாகச் சொன்னாள். தோடுக்காரியின் கண்கள் விரிந்தன. இத்தனை நாள் கழித்து இந்த ஊமைச்சி சொந்த பாஷையில் ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"என் தம்பீ சேத்துத்தான்?" என்று ஆசையாகச் சொல்லிப் பார்த்தாள்.

இவள் விரிப்பின் முனையை மறுபடி பிடித்துக்கொண்டாள். தோடுக்காரி அதையே முணுமுணுத்துக்கொண்டு உருளையை ஓட்டினாள்.

மறுநாள் காலை அவள் உள்ளே நுழைந்ததும் வண்டிக்காரன் கையை உயர்த்தி, "என் தம்பீ சேத்துத்தான்!" என்றான். ஓரமாக நின்ற இரண்டு பெண்களும் கண்கள் சிரிக்க அதையே சொன்னார்கள். எல்லாருக்கும் தோடுக்காரி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அப்போதுதான் அழுகை வெடித்தது. துணி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தோடுக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். என்ன நடந்தது என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறுதலாக எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று, முதுகைத் தடவிக்கொண்டே, தனக்குத் தெரிந்த அந்த ஒரே தமிழைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.