மாப்பிள்ளைக்கு டென்னிஸ் எல்போ

திருத்தங்கல் அச்சகமொன்றில் காலண்டர் சீசன் முழுக்கக் காகிதக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி அடுக்கிய மாரிக்கண்ணனுக்கு, கல்யாணம் நிச்சயமான மறுவாரமே வலது முழங்கை வலிக்கத் தொடங்கியது. டீ கிளாஸை எடுத்தாலே வெளிப்பக்கம் சுருக்கென்றது.

பிசியோதெரபிஸ்ட் அருணாதேவி அவன் புறங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப மேல தூக்குங்க" என்றார். அவன் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"டென்னிஸ் எல்போ" என்றார்.

"நான் அந்த பேட்டைத் தொட்டதுகூட இல்லையே, மேடம்!"

"தொட வேண்டாம். நாள் முழுக்க இறுக்கிப் பிடிச்சுத் தூக்குனா தசைநார் நொந்துபோகும். இனிமே உள்ளங்கை மேல பாக்குற மாதிரி தூக்குங்க."

"தையில கல்யாணம். தாலி கட்டிருவேனா?"

"பயிற்சியை விடாம செஞ்சா கட்டலாம்."

ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் வைத்து, முழங்கைக்குக் கீழே பட்டை மாட்டிவிட்டார். வீட்டில் மேசை மீது கையை நீட்டி, தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி மணிக்கட்டை மெல்ல இறக்க வேண்டும்.

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு கம்பெனி வேலை முடிந்து வந்து போனில் இதைக் கேட்ட அழகுமீனாவுக்கு, அவன் கட்டிக்கொள்ளப்போகிறவளுக்கு, சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

"யார்கூட விளாண்டீக? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அவளும் ஒரு பாட்டிலோடு உட்கார்ந்தாள்.

"மெதுவா. இன்னும் மெதுவா. பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டியை எறக்குற மாதிரி எறக்குங்க."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து இரண்டு முறை பாட்டிலைக் காலில் போட்டுக்கொண்டான். அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

அவளுடைய அப்பா தங்கச்சாமி காதில் விழுந்தது 'டென்னிஸ்' மட்டும். மாப்பிள்ளை பெரிய விளையாட்டுக்காரர் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். இது அச்சக நண்பர்களுக்கு எட்ட, கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஆளுயர பிளெக்ஸ் நின்றது: வெள்ளை டவுசர், கையில் டென்னிஸ் மட்டை, கழுத்துக்கு மேலே மாரிக்கண்ணன்.

"மாமா, அது வந்து..."

"அடக்கம் வேணுந்தான் மாப்ள. அதுக்காக இம்புட்டா?" என்று தங்கச்சாமி அவன் முதுகில் தட்டினார்.

கெட்டிமேளம் முழங்கியது. மாரிக்கண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் முடிச்சைப் போட்டான். வலிக்கவில்லை! சந்தோஷத்தில் இரண்டாவதையும் போட்டான். வழக்கப்படி முதல் முடிச்சுக்குப் பிறகு மற்ற இரண்டையும் போட வேண்டிய அவன் அக்கா செல்வலட்சுமி பின்னால் கை நீட்டிக் காத்திருக்க, மூன்றாவதும் விழுந்துவிட்டது.

"ஏலே, எனக்கு ஒண்ணாச்சும் விடுலே!"

மண்டபமே சிரித்தது. குனிந்திருந்த அழகுமீனாவின் தோள்களும் குலுங்கின.

"போதும், கையை எடுங்க. எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும்" என்றான்.