பச்சைப் பூப் பூத்த கத்தரி

1.

இந்தக் கதை ஒரு குப்பைமேனிச் செடியில் தொடங்கியது. எவரும் விதைக்காமல் வேலியோரமெல்லாம் முளைக்குமே, அதேதான். ஒருவன் அதற்கு இரு வேளையும் தண்ணீர் ஊற்றி, சாணி போட்டு, கம்பு நட்டு வளர்த்தான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வேறெதுவும் எழுத ஓடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வைகாசி வெயிலில் வெந்து கிடந்த மட்டுவில் கிராமத்து மண்ணின்மேல் முதல் துளி விழுந்தபோது—

(விட்டுவிட்டேன். அடுத்து மண்வாசனை வரும் என்று உங்களுக்கே தெரியும். மழை பெய்து முடியட்டும்.)

2.

மழை விட்டது. பிரகலாதன் பின்கதவில் நின்று வளவைப் பார்த்தான். புழுதி மூடிக் கிடந்த தேசிமரம் பச்சையாக நின்றது. பப்பாசி இலையில் தங்கிய தண்ணீரை ஒரு புலுனிக் குருவி குனிந்து குடித்தது. வேறொரு நாளென்றால் அவனும் இறங்கி நனைந்திருப்பான். இன்று கதவைவிட்டு நகரவில்லை. அவன் மனைவி உதயகலாவின் காலிலிருந்த பிளாஸ்டர்க் கட்டைக் காலையில்தான் வெட்டியெடுத்திருந்தார்கள்.

"இஞ்சாருங்கோ, என்னை ஒருக்கா வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ. என்ரை கத்தரியளைப் பாக்கவேணும்."

"நிலம் சறுக்கும். நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு வெயில் வந்திடும். இப்பதான் வடிவு."

ஆறு கிழமைக்கு முன், ஸ்கூட்டியில் சறுக்கி விழுவதற்கு முதல்நாள், அவள் பன்னிரண்டு கத்தரிக்கன்று நட்டிருந்தாள். அவள் முன்னறைக் கட்டிலில் கிடந்த நாட்களில் இவன் வேலிப் படலையைச் சாத்த மறந்தான். ஆடு வந்து பன்னிரண்டையும் தின்றது. சொல்லப் பயம். பிறகு அதே பாத்தியில் ஏதோ பச்சையாகத் தலைகாட்டவும், ஆடு தின்ற கன்றுதான் திரும்பத் தளிர்க்கிறது என்று நம்பினான். கணக்குச் சரிவரப் பன்னிரண்டை விட்டு மற்றதெல்லாம் பிடுங்கினான். ஒவ்வொரு பின்னேரமும் கட்டிலருகே போய், "இண்டைக்கு ஒரு சாண்" என்று செய்தி சொன்னான்.

போன கிழமை தேங்காய் பிடுங்க வந்த தியாகலிங்கம், "உதென்ன தம்பி, குப்பைமேனிக்குக் கம்பு?" என்று கேட்டபோதுதான் அவனுக்கு விளங்கியது.

3.

(இங்கே எனக்கொரு சந்தேகம். யாழ்ப்பாணத்தில் நாற்பது வயது மனிதனுக்குக் கத்தரிச்செடி தெரியாதா? யோசித்துப் பார்த்தேன். பிரகலாதன் கடற்கரை ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்தவன். படகு எஞ்சின் போடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவென்று சொல்லிவிடுவான். கத்தரியை அவன் கண்டதெல்லாம் கறிச்சட்டிக்குள். நம்புங்கள்.)

4.

அவன் தோளைப் பிடித்தபடி அவள் கெந்திக் கெந்தி வந்தாள். கிணற்றடி தாண்டியதும் அவன் நின்றான்.

"கலா, ஒண்டு சொல்லோணும். உது கத்தரியில்லை. கத்தரியை ஆடு திண்டிட்டுது."

பன்னிரண்டு கம்புகள். பன்னிரண்டு குப்பைமேனி, முழங்கால் உயரத்தில், மழையில் கழுவிப் பளபளத்துக்கொண்டு, நிரையாக.

(அவள் அழுவதாக ஒரு பந்தி எழுதினேன். ஏசுவதாக இன்னொன்று. இரண்டிலும் அவள் என் சொல் கேட்கவில்லை.)

அவள் சிரித்தாள். நிற்கமுடியாமல் பாத்தி வரம்பிலேயே இருந்துவிட்டாள்.

"எனக்கு எப்பவோ தெரியும்."

"என்னெண்டு?"

"பூத்திட்டுது எண்டியள். என்ன நிறம் எண்டு கேட்டன். பச்சை எண்டியள்! உலகத்திலை எந்தக் கத்தரி பச்சையாப் பூக்கும்?"

"பிறகேன் பேசாமல் இருந்தனீர்?"

"அஞ்சு மணி எப்ப வரும், நீங்கள் எப்ப வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தன்."

அவன் வெட்கத்தில் ஒரு செடியைப் பிடுங்கக் குனிந்தான்.

"விடுங்கோ! ஆசையா வளத்த பிள்ளையள்."

இருந்தபடியே எட்டி, பாத்திமேல் தாழ்ந்து நின்ற முருங்கைக் கிளையைப் பிடித்து உலுக்கினாள். தேங்கியிருந்த மழை முழுவதும் அவன் தலையில் கொட்டியது. அவள் மேலும்தான்.

5.

கதை முடிய வேண்டுமானால் இவர்கள் உள்ளே போகவேண்டும். தேத்தண்ணி நேரம். கிழக்கே மறுபடி இருட்டுகிறது.

ஒரு முடிவு எழுதினேன்: மறுநாள் இருவரும் புதுக்கன்று வாங்கச் சாவகச்சேரிச் சந்தைக்கு—

வேண்டாம். மெலிந்து வெளுத்த காலை ஈர மண்ணில் நீட்டியபடி அவள் தும்பை எது, கீழ்க்காய்நெல்லி எது என்று கேட்கிறாள். அவன் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பிழையாகச் சொல்கிறான், வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பிழைக்கும் அவள் அவன் முதுகில் ஒன்று போடுகிறாள்.

எனக்கு இவர்களைக் கூப்பிட மனமில்லை. உங்களுக்கு மனம் வந்தால் கூப்பிடுங்கள்.