சாப்பாட்டுக்கு முந்தைய வாக்கியம்

அந்தப் பயிற்சியின் பெயர் பேனரில் மூன்று வரிக்கு ஓடியது. சுருக்கம் இதுதான்: காது கேளாத பிள்ளைகளைக் கேட்கவும் பேசவும் வைப்பது எப்படி என்று, கடல் கடந்து வந்த லூயிஸ் என்ற நிபுணர் நம் நர்ஸுகளுக்கும் டீச்சர்களுக்கும் ஐந்து நாளில் சொல்லிக்கொடுப்பார். இடம் குன்னூர். வருடம் 1977. அவருடைய இங்கிலீஷ் மூக்கு வழியாக வரும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். கட்டபெட்டுப் பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்த என்னை அனுப்பினார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

பாடம் நடத்த ஒரு செவிட்டுப் பிள்ளையும் வேண்டியிருந்தது. எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் காத்தாயியையும் அவள் மகள் சின்னம்மையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். காத்தாயி சிலோனில் பிறந்து, சிலோனில் வளர்ந்து, முப்பது வயதில் கப்பலில் வந்திறங்கியவள். சர்க்கார் அவளைத் ‘தாயகம் திரும்பியவர்’ என்றது. திரும்ப வேண்டுமென்றால் முன்னால் ஒருமுறையாவது இங்கே இருந்திருக்க வேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை.

சின்னம்மைக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பும்போது, எதிர் சீட்டிலிருந்து காத்தாயி சத்தமே இல்லாமல் வாயசைத்தாள். பிள்ளை இல்லையென்று தலையாட்டியது. என்ன கேட்டாய் என்றேன்.

"வயித்தப் பெரட்டுதான்னு கேட்டேன் கிளாக்கரையா. இல்லைங்குது."

அம்மாவின் முகத்தை அந்தப் பிள்ளை பேப்பர் படிப்பதுபோலப் படிக்கும்.

தொடக்க விழாவில், பயிற்சியை நடத்திய சங்கத்தின் தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார். நடுவில் மைக் கீச்சிட்டதும் மேடையில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சின்னம்மை மட்டும் தலைவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் பேச்சைக் கவனித்த ஒரே ஜீவன் அதுதான்.

லூயிஸ் நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் கட்டும் காதுமிஷினைச் சின்னம்மைக்கு மாட்டி, முதுகுக்குப் பின்னால் நின்று மேளம் தட்டினார். மூன்றாம் நாள் பிள்ளை திரும்பிப் பார்த்தது. காத்தாயி அழுதாள். போட்டோ சரியாக விழவில்லை என்று தலைவர் மறுபடி தட்டச் சொன்னார்.

நான்காம் நாள்தான் அந்தப் பாடம். பிள்ளை உதட்டைப் பார்த்தே பழகினால் காதால் கேட்கப் பழகாது. ஆகவே பேசும்போது தாய் தன் வாயை மறைத்துக்கொள்ள வேண்டும் என்றார் லூயிஸ். மொழிபெயர்த்தேன். பிறகு விரலை உயர்த்தி இன்னொன்று சொன்னார்: இது மிஷின் மாட்டியிருக்கும்போது மட்டும்தான், மிஷின் இல்லாத நேரத்தில் முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும், பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழி அது. அந்த நேரம் பார்த்துப் பிரியாணி அண்டா உள்ளே வந்தது. நர்ஸ் பாலாமணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவ்வளவுதானுங்களா என்று என்னைக் கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

ஐந்தாம் நாள் பன்னிரண்டு பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மிஷினை வெல்வெட் வைத்த பெட்டியில் பூட்டி, அடுத்த பயிற்சிக்காக அடுத்த தேசத்துக்கு எடுத்துப் போனார்கள். சின்னம்மைக்கென்று ஒன்று முறைப்படி வந்துசேரும் என்றார்கள். வரவில்லை.

ஆறு மாதம் கழித்து லூயிஸிடமிருந்து ஒரு படிவம் வந்தது. பிள்ளை எப்படி இருக்கிறது, பயிற்சியைத் தாய் கடைப்பிடிக்கிறாரா என்று கேள்விகள். அதைப் பூர்த்தி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தாயி குடியிருந்த லயத்துக்குப் போனேன்.

காத்தாயி ஒரு கையால் ரொட்டியைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் முந்தானையை மூக்குவரை தூக்கிப் பிடித்தபடி மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். குளிருக்கு என்று நினைத்தேன்.

"ஒரு நாளும் விடலைங்க கிளாக்கரையா," என்றாள். "ஆறு மாசமா எம்மொகத்த அதுக்குக் காட்டல. மொதல்ல கையப் புடிச்சு இழுக்கும், அழும், கடிக்கும். நான் விட்டுக்குடுக்கல. மறைச்சாத்தான் காது பழகும்னு நீங்க சொன்னீங்களே."

மணிக்கட்டைக் காட்டினாள். பல் பதிந்த தழும்புகள்.

இப்போதும் இழுக்கிறதா என்று கேட்டேன்.

"இப்ப நல்லாப் பழகிருச்சுங்க. என்னையப் பாக்கறதே இல்ல."

பரீட்சையில் தேறிய செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள். சின்னம்மை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு சாக்கிலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தது.

படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். மிஷின் இல்லாதபோது முகத்தை மறைக்கக் கூடாது என்பதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. குன்னூரில் ஐந்து நாள் சரளமாகப் பேசிய வாய்.

ரொட்டி கருகியது. காத்தாயி கவனிக்கவில்லை. முந்தானை மெல்லக் கீழே இறங்கியது.

"இத அந்த வெள்ளக்காரய்யா அன்னைக்கே சொல்லலீங்களா?"

"சொல்ல மறந்துட்டாரும்மா," என்றேன்.

"பாவம். எத்தன புள்ளைகளுக்குச் சொல்லணும் அவரு. மறந்திருப்பாரு."

எழுந்துபோய் மகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயசைத்தாள். பசிக்கிறதா என்றுதான் கேட்டிருப்பாள்.

பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டது. காத்தாயி தாடையை விடவில்லை. அந்த மூடிய கண்களுக்கு முன்னால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.