அஞ்சு மெய், மூணு உயிர்

பல் செட் செய்கிறவருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. "அந்த ரேடியோவைக் கொஞ்சம் அமத்துங்களேன்" என்று முப்பது வருஷமாக மனைவி கெஞ்சாத நாளில்லை.

பாழாய்ப்போன புற்று அவள் நாக்கில்தானா வரவேண்டும்? டாக்டர் முன்பாதியை எடுத்துவிட்டார். உயிர் பிழைத்தது, பேச்சு குழறிப்போனது. வாயைத் திறக்கவே கூசினாள்.

மனுஷன் ஒடிந்துபோனார். ஆனால் எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொடும் என்பது அவருக்கு அத்துப்படி. புதுப் பல் மாட்டியவர்களைப் பேசவைத்துப் பார்ப்பதே பிழைப்பல்லவா? உட்கார்ந்து கணக்குப் போட்டார். உதட்டுக்கு ப, ம, வ. அடிநாக்குக்கு க, ங. உயிரெழுத்தில் ஆ, ஊ, ஓ மட்டும் தேறின.

"அஞ்சு மெய், மூணு உயிர். இத வச்சு நமக்குன்னு ஒரு பாஷையே கட்டிரலாம்மா" என்றார்.

கட்டியும்விட்டார். தண்ணீருக்கு மூ. வலிக்கு காங். இன்னும் வேண்டும் என்பதற்கு ஓங்கூ. நோட்டில் நூற்றிருபது வார்த்தை சேர்ந்தது. அவளும் ஆசையாகத்தான் கற்றாள்.

அவள் மட்டும் பேசினால் மனசு நோகுமே என்று வீட்டில் அவரும் அதையே பேசினார். பழக்கதோஷத்தில் பழைய பேச்சு வந்துவிட்டால்? நுனிநாக்கை அமுக்கிவைக்கத் தனக்கே பல் செட் மாதிரி ஒரு பிளேட் செய்து, வீட்டுக்குள் நுழையும்போது மாட்டிக்கொண்டார். இந்தக் கூத்தை வேறு எவன் செய்வான்!

இரண்டே வாரத்தில் அவள் பேச்சு அடியோடு நின்றது. எதைக் கேட்டாலும் தலையசைப்புதான். வார்த்தை போதவில்லை போல என்று இன்னும் நாற்பது சேர்த்தார். பலனில்லை. இனி இவள் குரலையே கேட்க முடியாதோ என்று கலங்கினார்.

ஞாயிறு மதியம் மறுபடி நோட்டை நீட்டினார். அவள் அவர் தாடையைப் பிடித்தாள். குழந்தை வாயிலிருந்து கல்லை எடுக்கிற மாதிரி விரலை விட்டுப் பிளேட்டைப் பிடுங்கி, குப்பைக் கூடையில் எறிந்தாள். நோட்டின் பின்னட்டையில் எழுதினாள்.

"நாக்கு போனது எனக்கு. உங்களுக்கு என்ன கேடு? வீட்டுக்குள்ள இருக்கவே பயமா இருக்கு. ஒருத்தராவது பேச வேண்டாமா?"

அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"அதில்லம்மா, நேத்து கடைக்கு ஒரு வாத்தியார் வந்தாரு. புது செட்டோட ஒரு தும்மு தும்முனாரு பாரு, செட்டு நேரா என் டீ கிளாஸ்ல விழுந்துச்சு. ‘அவசரமில்ல, குடிச்சிட்டே எடுத்துக் குடுங்க'ங்கறாரு, பாவி மனுஷன்!"

அவள் தோள் குலுங்கியது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"ஓங்கூ" என்றாள்.