லென்டிட்யூட்

துபாஷி தெய்வசிகாமணி ஒல்லாந்தர் காலத்தில் ஒல்லாந்து பேசி, மொழிபெயர்த்துப் பிழைத்தவர். பழவேற்காட்டுக் கோட்டையில் இங்கிலீஷ் துரை வந்து உட்கார்ந்ததும் ஒரே மாதத்தில் இங்கிலீஷ் பண்டிதராகிவிட்டார். எந்தப் புத்தகத்தில் பொறுக்கினாரோ, "லென்டிட்யூட்" என்று ஒரு வார்த்தை அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. மந்தம் என்று அர்த்தமாம். அடுப்பு பற்றாவிட்டால் லென்டிட்யூட். பல்லக்குத் தூக்குகிறவன் மூச்சு வாங்கினால் லென்டிட்யூட். "வெள்ளைக்காரனே அத்தப் பேசி நான் கேட்டதில்ல" என்று துரையின் சமையற்காரன் ஆபிரகாம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

கோட்டைக்குப்பத்து வேணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முகத்துவாரத்தில் அவனுடைய பாடு, வலை கட்டும் முறை. அந்த இடத்தில் ஒரு நாளைக்கு ஒருவன்தான் வலை கட்டலாம். கோயிலில் சீட்டுப் போட்டு முறை வைத்திருந்தார்கள். தண்ணீர் கடல் பக்கம் இறங்குமுன் வலை கட்டாவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். ஐப்பசி மாதம், இறால் ஓடும் நேரம். அந்த ஒரு நாள் பாட்டை நம்பித்தான் அவன் வீடு மழைக்காலத்தைத் தள்ள வேண்டும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவனைத் துபாஷியின் ஆள் கோட்டைக்கு இழுத்துப் போனான்.

கரையில் இத்தனை பேர் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று துரை கேட்டிருக்கிறார். அவர்கள் முறை இன்னும் வரவில்லை என்று சொன்னால் தீர்ந்தது. துபாஷிக்கு அது போதுமா? வேணுவை மாதிரிக்கு நிறுத்தி, விரலை நீட்டி, "லென்டிட்யூட்!" என்றார்.

துரை திருதிருவென்று விழித்தார். அவருக்கே அந்த வார்த்தை தெரியவில்லை. துபாஷி அர்த்தம் சொல்லத் தொடங்கினார். கையை நத்தையாக்கி மேசைமேல் ஊர்ந்தார். ஆமையாகிக் கழுத்தை நீட்டினார்.

"ஐயா, தண்ணி இறங்கப் போவுது. என்னை வுட்டுடுங்க."

"இருடா. துரைக்கு அர்த்தம் சொல்லினு இருக்கேன் இல்ல?"

வேணு வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மந்தத்துக்கு அர்த்தம் சொல்ல ஒரு மனுஷனுக்கு இத்தனை நேரமா! ஒருவழியாக விட்டபோது ஓடினான். முகத்துவாரத்தில் அடுத்த முறைக்காரன் சகாதேவன் வலை கட்டி முடித்திருந்தான். அவன்மேல் குற்றமில்லை. வேணு கரையில் உட்கார்ந்து அழுதான்.

அவன் மனைவி பவுனம்மாள் அழவில்லை. நேரே ஊர்ப் பெரியவர்களிடம் போனாள். "முறைக்காரனை மறிச்சவனுக்கு நம்ம ஊரு இன்னா வச்சிருக்குது?" என்று கேட்டாள். இருந்தது. மறித்தவன் வீட்டுக்கு, அந்த முறைக்காரனுக்கு மறுபடி பாடு வரும்வரை, ஒரு வலையிலிருந்தும் மீன் போகாது.

மறுநாள் துபாஷி கரைக்கு வந்தார். துரையை வீட்டு விருந்துக்கு அழைத்துவிட்டு, இறாலும் கொடுவாவும் வாங்க வந்திருந்தார். சகாதேவன் கூடையை மூடினான். பவுனம்மாள் விஷயத்தைச் சொன்னாள்.

"வேணு முறை எப்போ வரும்?"

"எல்லாருக்கும் ஒரு சுத்து வரணும். மாசியில வரும்."

"மாசியா? துரை இன்னிக்குச் சாப்பிட வராரே! மீன் எங்கன்னு கேட்டா இன்னான்னு சொல்றது?"

"நேத்து எங்க வூட்டுக்காரரை நிக்க வச்சு அவ்ளோ நேரம் ஒண்ணு சொன்னீங்களே," என்றாள் பவுனம்மாள், "அதையே சொல்லுங்க."