கலர் பொண்ணு

ஜெயக்குமாருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான், அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்ததுதான் வம்பாகப் போயிற்று. சுத்தமாகத் தெரியாதவராக இருந்திருந்தால் பக்கத்தில் யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்பார்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு அவர் மேனேஜர். மும்பையிலிருந்து பெரிய துணிக் கம்பெனி ஒன்று விளம்பரப் படம் எடுக்க வருவதாகவும், அந்தக் கடைப் புடவைகளைத்தான் காட்டப்போவதாகவும், அதற்கு நடிகை வேண்டாம், உள்ளூர்ப் பெண் போதும் என்றும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூடவே ஒரு வரி: 'வுமன் ஆஃப் கலர்'. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரில் வெள்ளையாக இல்லாத பெண்ணைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஜெயக்குமாருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பெண் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் பொண்ணு எப்படி என்று கேட்டால், நல்ல கலர் என்பார்கள் இங்கே. கலர் என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் வெள்ளை. இதில் யாருக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

"கலர் பொண்ணா ஒண்ணு கேக்கறாங்கபா," என்று கடைக்கே கேட்கும்படி அறிவித்தார். "நம்ம தீபிகா இருக்குது. பிரச்சனையே இல்ல."

புடவை மடித்துக்கொண்டிருந்த சுகாசினிக்கு இது புதிதில்லை. தினமும் காலை பதினோரு மணிக்குக் கடையிலிருந்து போனில் லைவ் போடுவார்கள். தீபிகா புடவை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் நின்று சிரிப்பாள், திரும்புவாள், முந்தியைத் தோளில் போட்டுக்காட்டுவாள். பேசுவது மட்டும் சுகாசினி. போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சிஸ்டர், இது மயில்கழுத்து உடல், அரக்குக் கரை, கரையைத் தனியா கோத்து நெய்த கோர்வை, பின்பக்கம் திருப்பிப் பாருங்க, ஒரு நூல் தொங்காது" என்று மூச்சு விடாமல் சொல்லுவாள். பார்க்கிறவர்கள் அவளுக்கு 'வாய்ஸ் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷமாக அந்த அக்காவுக்கு முகம் கிடையாது.

அந்த முகத்தை ஒரே ஒரு நாள் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிய ஆசையாக வெளியே சொல்ல வெட்கம், ஆனால் பெரிய ஆசைதான். ஒரு தரம் ஜெயக்குமாரிடம் கேட்டும் பார்த்தாள். "உன் வாய்தாம்மா நமக்கு வேணும்," என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை, அதனால் கெட்ட காரணத்தை நல்ல விதமாகச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற செவிலிமேடு பஸ்ஸில் அவள் அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படம் எடுக்க வந்த அம்மாவின் பெயர் காயத்ரி. மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. முழுக் கல்யாணப்பெண் கோலத்தில் தீபிகாவைக் கொண்டுவந்து நிறுத்தினார் ஜெயக்குமார். காயத்ரி பார்த்தாள், போனில் எதையோ தேடிப் படித்தாள், மறுபடி பார்த்தாள்.

"சார், நாங்க கேட்டிருந்தது…"

"கலர் பொண்ணு. இதோ நிக்குது மேடம்."

"இவங்க ரொம்ப ஃபேர்."

"அதான் மேடம். கலர்."

"இல்ல சார், கலர்னா டார்க்."

ஜெயக்குமார் தீபிகாவைப் பார்த்தார், காயத்ரியைப் பார்த்தார், எங்கோ யாரோ தன்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். "டார்க்னா டார்க்னு எழுதி இருக்கலாமே மேடம்," என்றார். அந்த நேரம் பார்த்து, கல்லாப் பக்கம் நின்றிருந்த சுகாசினி மேல் காயத்ரியின் பார்வை விழுந்தது. "இந்தப் பொண்ணு," என்றாள், கோவிலில் சாமி கண்டவள் மாதிரி. "இந்த ஸ்கின். இதுதான்."

சுகாசினிக்குக் கால் தரையில் இல்லை. சந்தோஷம்தான். ஆனால் எதற்காக அவளைப் போனுக்குப் பின்னால் தள்ளினார்களோ அதற்காகவே இப்போது முன்னால் கூப்பிடுகிறார்கள். அவளுக்கே அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியவில்லை.

உள் அறையில் தீபிகா நகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, விளங்காமல் விழித்தாள். "கலரா இருக்கேன்னுதான் கூப்ட்டாங்க. கலர் இல்லன்னு அனுப்பறாங்க. ஒரு மணி நேரத்துல நான் இன்னாடி ஆயிட்டேன்?"

"எனக்கும் தெர்லடி," என்றாள் சுகாசினி. நெற்றிச்சுட்டியின் கொக்கி தீபிகாவின் முடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டாள்.

மறுநாள் செவிலிமேட்டுக்கு அப்பால் பாலாற்று மணலில் ஷூட்டிங். பட்டுப்புடவைக்கு விளம்பரம் என்பதால் எந்தப் புடவை கொடுப்பார்கள் என்று இரவெல்லாம் யோசித்துவிட்டு வந்தவளுக்கு, பழுப்பேறிய ஒரு கைத்தறி நூல் புடவையைக் கொடுத்தார்கள். ஜாக்கெட் வேண்டாமே என்றுகூட ஒருவர் சொல்லிப்பார்த்தார். சுகாசினி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றது.

"நீங்க பட்டு நெய்யறவங்க," என்று காயத்ரி விளக்கினாள். "உடுத்தறவங்க இல்ல."

"நான் விக்கறவ மேடம்."

"அது படத்துல நல்லா இருக்காதும்மா."

பிறகு மேக்கப். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பவுடரைத் துடைத்தார்கள். எண்ணெய் மாதிரி எதையோ தேய்த்தார்கள். அதன் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கிரீம், கழுத்து வரைக்கும், காது மடல் வரைக்கும். கண்ணாடியில் பார்த்த சுகாசினி வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "மேடம், நான் இவ்ளோ கருப்பு இல்லையே."

சொன்ன மறு நிமிஷம் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியானால் கருப்பு கேவலம் என்று நானே சொல்கிறேனா? இல்லை, இல்லாததை ஏன் பூசுகிறீர்கள் என்றுதான் கேட்டேனா? இரண்டில் எது என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. காயத்ரி அவள் கையைப் பிடித்து, "நீங்க எவ்வளவு அழகுன்னு உங்களுக்கே தெரியல," என்றாள். சொன்னவள் கண் கலங்கியிருந்தது. நிஜமாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் குழப்பியது.

இடுப்பில் குடம் வைத்தார்கள். குடம் நழுவியது. "வீட்ல தண்ணி எப்படி எடுப்பீங்க?" என்றார் கேமராக்காரர்.

"மோட்டார் போடுவோம்."

வசனம் எதுவும் இல்லை. பேசியே பழகிய வாயை மூடிக்கொண்டு கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். "கொஞ்சம் வலியோட பாருங்க," என்றாள் காயத்ரி. எங்கே வலி என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. வெயிலில் கால் சுட்டது, அதையே நினைத்துக்கொண்டு பார்த்தாள். அருமை என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து விளம்பரம் போனில் வந்தது, டிவியிலும் வந்தது. மணல், குடம், அவள் முகம். பின்னணியில் ஒரு பெண் குரல், அவளுடையது இல்லை: 'தலைமுறை தலைமுறையாக நெய்தவள். தன் நிறத்துக்குத் தலைகுனியாதவள்.' லட்சக்கணக்கில் பார்த்தார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்த அவள் அத்தை மேரி சர்ச்சிலிருந்தே போன் செய்தாள்.

சுகாசினியின் அம்மா பட்டம்மாள் மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். "நம்ம வூட்ல யாருடி பட்டு நெய்ஞ்சாங்க? உங்க தாத்தா ஏர் ஓட்டுனாரு, அதுவும் அடுத்தவங்க நெலத்துல. தறி இருக்கற தெருவுல எங்களை நிக்கவே வுட்டதில்ல."

"வெளம்பரம்மா அது."

"சரி, அது போவுது. உன்னை இன்னாத்துக்கு இப்டி கரியாட்டம் காட்டிக்கீறாங்க? நீ மாநெறம்தானே?"

சுகாசினிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பட்டுக்கு என்றால் அவளுக்கு அறுபது நிறம் பெயர் சொல்லத் தெரியும். வெங்காயத்தோல், கத்திரிப்பூ, யானைக் கலர், காப்பிக்கொட்டை, பாக்குக் கலர். ஒரே பாக்குக் கலரில் வெட்டின பாக்கு வேறு, சுட்ட பாக்கு வேறு. மனுஷத் தோலுக்கு மட்டும் ஊரில் மூன்றே பெயர். சிவப்பு, கருப்பு, பெற்றவர்கள் மனசு நோகாமலிருக்க மாநிறம். இந்த மூன்றில் தான் எது என்று அம்மா ஒன்று சொல்கிறாள், காயத்ரி ஒன்று சொன்னாள், அவள் பாட்டுக்கு இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நல்லதும் ஒன்று நடந்தது. "அந்த விளம்பரத்துப் பொண்ணு உங்க கடைதானாமே" என்று லைவில் கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி ஜெயக்குமாரைக் கூப்பிட்டுச் சொன்னார், ஜெயக்குமார் சுகாசினியைக் கூப்பிட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழமை நீதாம்மா முன்னாடி. புடவை நீயே எடுத்துக்க."

மாம்பழ மஞ்சள் உடல், பச்சைக் கரை. அவள் எடுத்த புடவை அதுதான். கருப்பாக இருக்கிறவர்களுக்கு அந்த மஞ்சள் எடுப்பாக இருக்காது என்று அவளே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள், அந்த வீம்பில்தான் எடுத்தாள். தீபிகாதான் மடிப்பு எடுத்துக் குத்திவிட்டாள். "நல்லா இருக்குதுடி," என்றாள். மனசிலிருந்துதான் சொன்னாள்.

பதினோரு மணி. போன் ஸ்டாண்டில் இருந்தது. ஜெயக்குமார் அதில் எதையோ தட்டினார். திரையில் தெரிந்த பெண்ணைப் பார்த்து சுகாசினி திரும்பிப் பின்னால் பார்த்தாள், யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. திரையில் இருந்தது அவள்தான். தோல் பளிங்கு மாதிரி, மூக்கு ஒரு சுற்றுச் சின்னதாக, கன்னத்தில் ரோஸ்.

"அண்ணே, இது இன்னா?"

"ஃபில்டர்மா. தீபிகாவுக்கே போடுறதுதான். வெளிச்சத்துக்கு."

"வெளம்பரத்துல பாத்துட்டுதானே என்னைக் கேட்டாங்க?"

"வெளம்பரம் வேற, யாவாரம் வேறம்மா. ஸ்டார்ட் ஆயிடுச்சு, பேசு."

பேசினாள். வாய் பழகிய வாய், அது தன் பாட்டுக்கு ஓடியது. இருநூறு பேர் வந்தார்கள். யார் இந்த அக்கா, செம அழகு, செம கலர் என்று வரிவரியாக ஏறியது. இதயம் இதயமாகப் பறந்தது. அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. பொய் என்று தெரிந்தே குளிர்ந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள்.

முந்தியைக் காட்டச் சொன்னார்கள். இரண்டு கையாலும் விரித்து முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து இறக்கினாள். மறைந்த முகத்தை ஃபில்டர் மறுபடி கண்டுபிடிக்க ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடி திரையில் அவள் முகமே இருந்தது. மஞ்சளுக்கு மேலே, எண்ணெய் இல்லாமல், ரோஸ் இல்லாமல், வியர்வையோடு. அவளுக்குப் பிடித்திருந்தது. அப்புறம் பளிங்கு வந்து மூடியது.

அவள் யோசிக்கவில்லை. கையை நீட்டி ஃபில்டரை நிறுத்தினாள்.

ஜெயக்குமார் தலையில் கை வைத்தார். தீபிகா வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் சுகாசினி நின்றாள், இரண்டு வருஷம் ஆசைப்பட்ட மாதிரியே, முழுசாக. யாராவது திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் பதில் வைத்திருந்தாள்.

யாரும் திட்டவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் எழுதினார்கள்.

'ஹாய் அக்கா, நீங்கதான் வாய்ஸ் அக்காவா? உங்க குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.'

'அந்த மஞ்சள் ரெண்டு பீஸ் இருக்கா? இப்ப நின்ன கலர் அக்காவும் கட்டியிருந்தாங்களே.'

'அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, அவங்க எங்க? அவங்க கட்டினதைப் பார்த்துதான் எடுக்கணும்.'

வைத்திருந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. நான்தான் அது என்று சொல்ல வாயைத் திறந்தாள். எது நான்? மணலில் நின்றவளா, பளிங்காக இருந்தவளா? வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது என்று பழகிய வாய் அவளுக்கு முன்னால் முந்திக்கொண்டது.

"அவங்க சாப்பிடப் போயிருக்காங்க சிஸ்டர். இதோ வந்துருவாங்க."

"ஏன்டி அப்டி சொன்னே?" என்று போனுக்குப் பின்னாலிருந்து தீபிகா கிசுகிசுத்தாள்.

"தெர்லடி."

'ஓகே அக்கா, வெயிட் பண்றோம்' என்று வந்தது. இன்னொருத்தரும் வெயிட் பண்றோம் என்றார். பிறகு ஐந்தாறு பேர். ஒருவரும் போகவில்லை. சுகாசினி முந்தியைத் தோளில் சரிசெய்துகொண்டாள். யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல அவளும் ஒரு தரம் கடை வாசலைப் பார்த்தாள்.