மீதி எட்டு மைல்

ஹோவ்லண்ட் வீட்டுக் கார், முன்சக்கரம் இரண்டும் பிய்ந்து, பேட்டரியும் கழற்றப்பட்டு, ரூடியின் காயலான்கடையில் கிடந்தபோதும் தினமும் மாலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி முப்பத்து மூன்று மைல் ஓடியது. இடத்தை விட்டு அசையவில்லை, மீட்டரில் எண்கள் மட்டும் ஏறின. ஆறு இருபத்தைந்துக்கு நின்றுவிடும். இதை முதலில் கண்டுபிடித்தவர் இன்சூரன்ஸ் சர்வேயர் வெண்டல். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் படிவத்தில் எழுதியது 61,408. அடுத்த திங்கட்கிழமை சரிபார்க்க வந்தபோது மீட்டர் 61,606 காட்டியது.

"யோவ் ரூடி, வண்டிய எவனுக்காவது ஓட்டக் குடுத்தியா?"

"முன்னால சக்கரமே இல்ல சார். நீங்க தள்றதா இருந்தா சொல்லுங்க, ஓட்டக் குடுக்கறேன்."

வெண்டல் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினார். வண்டி முழுச் சேதம் என்ற தீர்ப்பில் மாற்றமில்லை.

அது 1993. வடக்கு டகோட்டாவில் பீட்ரூட் அறுவடை முடிகிற நவம்பர். ஹோவ்லண்ட் வீட்டு மகள் ஜோலீனுக்குப் பத்தொன்பது வயது. நாற்பத்தோரு மைல் தள்ளியிருந்த நகரத்தில் முடிதிருத்தும் தொழில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், பாலத்தருகே, சாலையில் உறைந்திருந்த பனியில் சறுக்கி வந்த பீட்ரூட் லாரி காரின் ஓட்டும் பக்கத்தில் ஏறியது. அந்தப் பக்கம் விரல் நுழைய இடமில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு கீறல்கூட இல்லை. பாலத்திலிருந்து வீடு எட்டு மைல்.

கார் முழுச் சேதமானால் செய்ய வேண்டியவை என்று இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். அவளுடைய அம்மா ஆர்டிஸ் அதை வரிவரியாக நிறைவேற்றினாள். நம்பர் பிளேட்டைக் கழற்றினாள். வண்டிக்குள் இருந்த சாமான்களை எடுத்தாள்: ஒரு கையுறை, இரண்டு கத்தரிக்கோல், முடி வெட்டிப் பழகுவதற்கான பொம்மைத் தலை ஒன்று. கடைசி வரி, உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியை ஒப்படைப்பது. அங்கேதான் நின்றுவிட்டாள். கையெழுத்துப் போட்டால் வண்டியை நசுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

கணவர் மைலோ தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். விபத்துக்குப் பிறகு மூன்று வாரமும் ஒரே கேள்வியைத்தான் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"அந்தப் பனியில எதுக்குக் கெளம்புனா? அங்கயே தங்கறேன்னுதான சொல்லிட்டிருந்தா?"

ஆர்டிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று மதியம் ஜோலீன் போன் செய்து, ரோடு மோசமாக இருக்கிறது, தோழியின் அறையிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதும், "அப்பா பொறந்த நாள்டி, கறி சமைச்சு வெச்சிருக்கேன், வந்துட்டுப் போ" என்று தான் சொன்னதை அவள் அவரிடம் சொல்லவே இல்லை.

மீட்டர் விஷயம் காதுக்கு வந்ததும் அவள் காயலான்கடைக்குப் போகத் தொடங்கினாள். பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருவாள். எண்கள் நகரும். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. "இன்னும் கொஞ்சம்தான், வந்துரு, வந்துரு" என்று டேஷ்போர்டைத் தடவுவாள். முப்பத்து மூன்றில் நிற்கும். அந்த நொடியில் அவளுக்கு என்ன ஆயிற்று என்பதை அருகில் நின்ற ரூடி யாரிடமும் சொன்னதில்லை. பதினோரு நாள் இப்படிப் போனது. மகள் பதினோரு முறை பாலம் வரை வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் கையெழுத்து விஷயத்தை முடித்துவிடுவதென்று மைலோவும் கூட வந்தார். ஆர்டிஸ் வண்டிக்குள் ஏறிக்கொள்ள, அவர் வெளியே பத்திரத்தோடு நின்றார். மணி ஐந்து நாற்பது.

"ஜோலீன், அம்மா பேசறேன்டி" என்றாள் ஆர்டிஸ். "இன்னிக்கு வர வேணாம். அங்கயே தங்கிக்கோ. கறிய எடுத்து வெக்கிறேன், கெட்டுப்போகாது. வான்னு நான் சொன்னது தப்புடி. நான் சொன்னேன்னு கெளம்பிறாதே."

ஐந்தே முக்கால் ஆனது. ஐந்து ஐம்பது ஆனது. எண்கள் அசையவில்லை. ஆறு இருபத்தைந்தும் தாண்டிப் போனது. காயலான்கடை நாய் ஒருமுறை குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மைலோ எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஆர்டிஸ் தாழ்ப்பாளில் கை வைத்தபடி, அடி விழப்போகிற பிள்ளைபோல் காத்திருந்தாள். அவர் பத்திரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வண்டிய நம்ம கொட்டகைக்குக் கொண்டாந்துரலாம். டெய்லி அவ்வளவு தூரம் நடந்தா உனக்கு முட்டி வலிக்கும்."

வண்டியை வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் இன்சூரன்ஸில் அதன் பழைய இரும்பு விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அப்படியே வாங்கினார்கள். ரூடி இழுத்து வந்து விட்டுப் போனான், கூலி வாங்கவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம். உலகத்தில் தாய்மார்கள் பிள்ளைகளை வா வா என்று அழைக்கிற நேரத்தில், ஆர்டிஸ் ஒவ்வொரு மாலையும் கொட்டகைக்குப் போய் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்காகத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சியை ஏழு மணிக்கு மாற்றினார்கள். அந்த வேளையில் ஹோவ்லண்ட் வீட்டுக்கு யாரும் போன் செய்வதில்லை. ஒரு பனிப்புயலில் அவள் கொட்டகைக் கதவைத் திறக்க முடியாமல் போன நாளிலும், பித்தப்பை அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்த மூன்று நாளிலும் மீட்டர் ஓடியது. மருத்துவமனை நாட்களில் மைலோ போய்ச் சொல்லிப் பார்த்தார். "வேணாம்டா கண்ணு" என்றார். கெஞ்சினார், ஒருமுறை அதட்டியும் பார்த்தார். கேட்கவில்லை. கூப்பிட்டவள்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்போல.

ஆர்டிஸ் 2011 மார்ச்சில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகையில் எண்கள் ஓடத் தொடங்கின. மைலோவின் தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, இனிமே இத வெச்சுக்கிட்டு என்ன செய்யப்போற? ரூடியக் கூப்பிட்டுக் குடுத்துரேன்."

"குடுத்துட்டா அவ நின்னுருவான்னு எனக்கு யாரும் எழுதிக் குடுக்கலையே" என்றார் மைலோ. "எங்கியோ கெடந்து தனியா ஓடுவா."

காப்பியை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் ஐந்தே முக்காலுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முப்பத்து மூன்று மைலும் கூடவே போனார். கிடங்கில் என்ன விலை, யார் வீட்டில் மாடு கன்று போட்டது என்று மகளிடம் பேசிக்கொண்டே போவார். பாலம் நெருங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, நசுங்கிய தகரத்துக்குள் எட்டுகிற தூரம் வரை கையை விட்டு வைத்துக்கொள்வார். ஆறு இருபத்தைந்துக்குப் பெல்ட்டைக் கழற்றி இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, சாப்பிடப் போவார்.